சித்திர வகுப்பு யாருக்கு?

பள்ளிக்கூடத்தில் கலைக்கு இடம் வேண்டும் என்று பேசுகிறவர்களுக்கு இப்போது குறைவில்லை. 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையும் அதைத்தான் சொல்கிறது. எதற்காக வேண்டும் என்று கேட்டால், பையனுக்குக் கணக்கு நன்றாக வரும், மனம் அலையாது, அடக்கமாக இருப்பான் என்கிறார்கள். அதாவது கலை, மற்றப் பாடங்களுக்கு எடுபிடி. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பையனை அடக்குவதற்குச் சித்திரம் எதற்கு? கலை பள்ளிக்குள் வரவேண்டியது பள்ளியைக் கொஞ்சம் கலைத்துப்போடத்தான்.

சாந்திநிகேதனத்தை எடுத்துக்கொள்வோம். தாகூர் அங்கே 1919-ல் கலாபவனத்தை ஏற்படுத்தினார். பாங்குராவிலிருந்து அங்கே படிக்க வந்த ஏழை ராம்கிங்கர் பைஜ், பிறகு அங்கேயே ஆசிரியரானார். 1938-ல் அவர் செய்த சிலை எந்த மகாராஜாவுடையதும் அல்ல. மூட்டை முடிச்சு, குழந்தை, நாய் சகிதம் ஊர்விட்டு ஊர் போகும் ஒரு சந்தால் குடும்பம். வெண்கலம் இல்லை, பளிங்கு இல்லை. சிமெண்டும் செம்மண் சரளையும். பாடப் புத்தகத்தில் இடமில்லாதவர்கள் வளாகத்துக்குள்ளேயே ஆளுயரத்துக்கு மேல் வந்து நின்றுவிட்டார்கள். அதைக் கடந்து வகுப்புக்குப் போகிற மாணவன், யார் பெரிய மனிதன் என்று ஒரு தடவையாவது யோசித்திருப்பான்.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்த கே. ஜி. சுப்ரமணியன், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றார். சர்க்கார் கல்லூரிகள் கதவைச் சாத்தின. 1944-ல் கலாபவனம் அவரை ஏற்றுக்கொண்டது. பிற்பாடு பரோடாவிலும் சாந்திநிகேதனத்திலும் எத்தனையோ பேருக்கு அவர் ஆசானாக இருந்தார். அடங்காதவன் என்று கல்வி தள்ளிய ஆளைக் கலைதான் ஆசிரியராக்கியது.

ஒழுங்கு கெட்டுப்போகுமே என்பார்கள். உபாத்தியாயரின் ஒழுங்கு கொஞ்சம் கெடும், வாஸ்தவம்தான். ஆனால் கலைக்கு அதைவிடக் கடுமையான ஒழுங்கு உண்டு. அதே கலாபவனத்து பினோத் பிஹாரி முகர்ஜி, ஐம்பது வயதுக்குமேல் பார்வையை அடியோடு இழந்த பிறகும் காகிதம் வெட்டி ஒட்டிச் சித்திரங்கள் செய்தார். எந்தப் பிரம்பு இதைக் கற்றுத்தரும்?

நம் சித்திர வகுப்பில் என்ன நடக்கிறது? கரும்பலகையில் ஒரு மாம்பழம்; நாற்பது நோட்டுகளிலும் அதே மாம்பழம். வேறு மாதிரி போட்டவனுக்கு மார்க்குக் குறைவு. தன் கண்ணை நம்பாதே என்பதுதான் அவன் அன்றைக்குப் படித்த பாடம். அந்தப் பாடத்தை அவன் ஆயுசுக்கும் மறப்பதில்லை.

கலையை உள்ளே விடுவதானால் அதன் கலகத்தையும் சேர்த்துத்தான் விடவேண்டும். அதற்குத் துணிச்சல் இல்லையென்றால் சித்திர வகுப்பைக் கணக்கு வாத்தியாருக்கே எழுதிக் கொடுத்துவிடலாம். பரீட்சை நெருங்கினால் எப்படியும் அவர்தான் அதை எடுத்துக்கொள்கிறார்.