சுகயீன நாளுக்கும் பேர் வேண்டும்

வேலைக்கு வருவோர் தொகை குறைந்துவிட்டது என்பது தோட்டக் கம்பனிகளின் மாறாத முறைப்பாடு. சம்பளப் பேச்சுவார்த்தை எதுவானாலும் இதைத்தான் முதலில் மேசையில் வைக்கிறார்கள். வராதவர்களில் எத்தனை பேர் காய்ச்சலோடும் இடுப்பு வலியோடும் லயத்தில் படுத்திருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. செக்ரோலில் எல்லோருக்கும் ஒரே வெற்றுக் கட்டம்தான்.

1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி ஓர் ஊழியருக்கு வருடத்தில் 7 நாட்கள், சொந்தத் தேவைக்கோ சுகயீனத்துக்கோ, சம்பளத்துடன் விடுமுறை உண்டு. (முதலாளி ஒழுங்காகக் கொடுக்கிறாரா என்பது வேறு கதை.) ஹட்டன் புடவைக்கடையில் நிற்கும் மகளுக்குச் சட்டம் தரும் அந்த 7 நாள், மலையில் கொழுந்தெடுக்கும் தாய்க்கு இல்லை. சம்பள நிர்ணய சபையின் கீழ் வரும் தேயிலைத் தொழிலாளிக்கு வருடாந்த விடுமுறை இருக்கிறது, பிரசவ விடுமுறை இருக்கிறது. காய்ச்சலுக்குச் சம்பளம் இல்லை.

2024 செப்டெம்பர் வர்த்தமானியின் நாட்சம்பளமான 1350 ரூபாவை வைத்தே கணக்குப் பார்ப்போம். ஆறு நாள் படுத்தால் 8100 ரூபா போகிறது. அதோடு நிற்பதில்லை. சேமலாப நிதிக்குத் தோட்டம் கட்டும் 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் சேர்த்து இன்னும் 1215 ரூபா இல்லாமல் போகிறது. அதனால்தான் மூன்றாம் நாளே பனடோல் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறார்கள். எலிக்காய்ச்சல் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் மாதிரித்தான் இருக்கும். தாமதித்தால் சிறுநீரகம் வரை போய்விடும்.

சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்களுக்கு மாதாமாதம் கிளினிக். மருந்து இலவசம், ஆனால் அன்றைக்குப் பேர் இல்லை, பஸ் காசு வேறு. மாத்திரை முடிந்தும் கிளினிக்கைத் தள்ளிப்போடும் அக்காமாரைத் தலைவர்மார் எல்லோருக்கும் தெரியும். அதை அலட்சியம் என்பவர்கள் ஒருமுறை அவர்களது சம்பளத் துண்டைப் பார்க்கட்டும்.

இதைவிடப் பெரிய விடயமாக எனக்குப் படுவது, சுகமாகித் திரும்பும் நாள். பாரம் தூக்க வேண்டாம் என்று டாக்டர் துண்டு எழுதுகிறார். 18 கிலோ, 20 கிலோ என்ற நிறையோ மாறுவதில்லை. குறைந்தால் அரைப் பேர். கர்ப்பப்பைச் சத்திரசிகிச்சை செய்து வந்தவருக்கும் இருபது வயதுப் பிள்ளைக்கும் ஒரே தராசு. கடைசியில் சிலர் வலியை மறைத்துக்கொண்டு எடுக்கிறார்கள், சிலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள். அப்படி வீட்டுக்குப் போகிறவர் இருபது வருடம் கொழுந்தெடுத்த கைகாரி என்பதைக் கம்பனி எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. இலேசான வேலை தோட்டத்தில் இல்லாமலில்லை. தவறணையில் பை நிரப்பலாம், நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம், பிள்ளைக்காம்பராவில் உதவலாம். வேண்டியவர்களுக்குப் போகும் இந்த வேலைகள் துண்டோடு வருபவருக்கு முதலில் கிடைக்க வேண்டும்.

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத் தொகையோடு இதையும் வைக்க வேண்டும் என்பது என் கருத்து: கிளினிக் நாளும் அடங்க வருடத்துக்கு 7 நாள் சம்பளத்துடன் சுகயீன விடுமுறை, டாக்டர் துண்டோடு திரும்புபவருக்கு முதல் இரண்டு வாரம் பாதி நிறைக்கு முழுப் பேர். பொய்த் துண்டு வரும் என்பார்கள். சிலர் கொண்டு வரத்தான் செய்வார்கள். அலுவலகங்களிலும் அது நடக்கிறது. அதற்காக அங்கே யாரும் விடுமுறையை நிறுத்தவில்லை.

இதற்கிடையில் ஒன்றைக் கவனியுங்கள். வேலை நேரத்தில் குளவி கொட்டுவதும் சறுக்கி விழுவதும் சுகயீனம் அல்ல, வேலைத்தல விபத்து. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதற்கு நட்டஈடு கேட்கலாம். தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கும் அதில் கொடுப்பனவு உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் கிடப்பவரைச் செக்ரோலில் வெறுமனே வராதவராகப் போட்டுவிட்டால், பிறகு நிரூபிப்பது கஷ்டம். அன்றைக்கே தோட்ட ஆபிசில் எழுத்தில் பதியச் செய்யுங்கள். ஆஸ்பத்திரியிலும் மலையில் வேலை செய்யும்போது நடந்தது என்றே சொல்லுங்கள். துண்டு வெட்டும்போது தரும் அட்டையின் போட்டோ பிரதியொன்றைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுத்து வையுங்கள்.