ஓசையின்றி உடையும் மதகுகள்

1836ம் வருஷத்தில் ஆர்தர் காட்டன் துரை முக்கொம்பில் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதி, 2018ம் வருஷம் ஆகஸ்டு 22ந் தேதி இரவு ஒன்பது மதகுகளை வெள்ளத்துக்குப் பறிகொடுத்தது. அணையின் முதுமையே காரணம் என்றனர் சிலர். மணலை வரம்பின்றி அள்ளியதே காரணம் என்றனர் விவசாயிகள். முதல் மந்திரி நேரில் வந்து பார்வையிட்டார். பின்னர் புதிய கதவணையும் எழுந்தது. கண்ணுக்கு முன்னே உடைந்த பொருளாதலால் அதைப் பற்றி ஜனங்கள் கேட்டனர். சர்க்காரும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அதே வருஷம் பிப்ரவரி மாதத்தில், காவிரியோடு கிழக்கே சென்றால் வரும் கும்பகோணத்தில் வேறொரு மதகு உடைந்தது. அதன் ஓசை யாருக்கும் கேட்கவில்லை. 1904ல் துவங்கி, தஞ்சை ஜில்லா மிராசுதாரர்களும் வர்த்தகர்களும் தலைமுறை தலைமுறையாய்ப் பணம் போட்டு வைக்கும் ஸிடி யூனியன் பாங்கியின் கம்ப்யூட்டர்களுக்குள் அன்னியர் நுழைந்து, சுமார் 20 லட்சம் டாலரை மூன்று கட்டளைகளில் துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களிலுள்ள கணக்குகளுக்கு அனுப்பி விட்டனர். தேசாந்தரப் பணக் கட்டளைகளுக்கு உறுதிச் சீட்டு அச்சிட்டுத் தரும் யந்திரத்தை முதலில் ஊமையாக்கிவிட்டே இதைச் செய்தனர். மறுநாள் காலை கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. துபாய்க்குச் சென்ற 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது.

இந்தத் தந்திரம் புதிதன்று. 2016 பிப்ரவரியில் வங்காள தேசத்தின் மத்திய பாங்கியிலும் அச்சு யந்திரம்தான் முதலில் நின்றது. திருடர்கள் கோரிய தொகை சுமார் 95 கோடி டாலர். அவர்கள் கையில் சிக்கி மணிலாவுக்குப் போனது 8 கோடியே 10 லட்சம். இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மட்டும், பெறுபவரின் பெயரில் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எழுதியதால் சந்தேகத்துக்கு இடமாகி நின்றது. எழுத்துப் பிழையால் ஒரு தேசத்தின் பணம் பிழைத்தது என்றால் நேயர்கள் சிரிக்கக் கூடும். காவல் இருந்த லட்சணம் அவ்வளவுதான்.

இவர்கள் எப்படி நுழைகிறார்கள்? மந்திரம் ஒன்றுமில்லை. வங்காள பாங்கியின் சிப்பந்திகளுக்கு, வேலை கோரும் விண்ணப்பம் போல ஒரு மின்னஞ்சல் வந்தது, அதில் யாரோ ஒருவர் கை வைத்தார், கதவு திறந்தது. உள்ளே வந்தவர்கள் உடனே திருடவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் பதுங்கியிருந்து, யார் எப்போது எந்தக் கட்டளை இடுகிறார் என்று பாடம் படித்தனர். 2017 மே மாதத்தில் உலகெங்கும் ஆஸ்பத்திரிகளையும் ஆலைகளையும் முடக்கிய 'வான்னாக்ரை' என்ற கிருமிக்கு மாற்று மருந்து இரண்டு மாதம் முன்னரே வெளிவந்திருந்தது. அதைப் போட்டுக் கொள்ளச் சோம்பியவர்களே பெரும்பாலும் அகப்பட்டுக் கொண்டனர். திறமைசாலியான திருடனைவிட, பூட்டைப் பழுது பார்க்காத வீட்டுக்காரனே இந்தத் தொழிலுக்கு அதிக உபகாரி.

ஏன் செய்கிறார்கள் என்பதற்குப் பணமே பெரிய விடை. ஆனால் ஒரே விடையல்ல. வங்காளக் கொள்ளையில் வட கொரியா சர்க்காரின் கை இருப்பதாக 2018ல் அமெரிக்கா குற்றஞ் சாட்டிற்று. வன்மமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மரூச்சி என்னுமிடத்தில், நகர சபை வேலை தர மறுத்த ஒருவன், 2000ம் வருஷத்தில் ரேடியோ மூலம் சாக்கடைப் பம்புகளை இயக்கி, சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவு நீரைப் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய விட்டான். அவனுக்கு ஒரு காசும் லாபமில்லை.

நமது குறை திருடர்களைப் பற்றியது மட்டுமன்று. கும்பகோணத்துப் பாங்கி தனக்கு நேர்ந்ததைச் சில தினங்களில் ஊரறியச் சொல்லிற்று. அந்த மட்டில் அதைப் பாராட்டுகிறோம். கூடங்குளத்தில் நடந்தது வேறு. அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் கிருமி புகுந்ததென்று செய்தி பரவியபோது, 2019 அக்டோபர் 29ந் தேதி நிலையத்தார் அதைப் பொய்ச் செய்தி என்று மறுத்தனர். மறுநாளே, கிருமி புகுந்தது மெய்தான், ஆனால் நிர்வாகக் காரியங்களுக்கான கம்ப்யூட்டரில் மட்டுமே, உலை இயக்கும் கருவிகள் தனியே இருக்கின்றன என்று அணுமின் கார்ப்பரேஷன் ஒப்புக் கொண்டது. எச்சரிக்கையோ செப்டம்பர் 4ந் தேதியே வந்திருந்தது! உலைக்கு அபாயமில்லை என்பது முற்றும் மெய்யாகவே இருக்கலாம். முதல் நாள் மறுத்தவர்கள் மறுநாள் சொல்வதை இடிந்தகரை மீனவன் எதைக் கொண்டு நம்புவான்?

இத்தகைய ஊடுருவலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்று 2022 ஏப்ரலில் மத்திய சர்க்காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஸ்தாபனம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவே. ஆனால் தெரிவிப்பது சர்க்காருக்கு. பணம் போட்டவனுக்கும் நோயாளிக்கும் அல்ல. அதே வருஷம் நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி ஏறக்குறைய இரண்டு வாரம் காகிதத்திலும் பேனாவிலும் காரியம் நடத்திற்று. அது வெளியே தெரிந்தது, வாசலில் நோயாளிகள் வரிசையாக நின்றதால்தான். வரிசை நிற்காத இடங்களில் என்ன நடக்கிறது? பொதுப் பணத்தாலோ பொது ஜனங்களின் பணத்தாலோ நடைபெறும் ஸ்தாபனம் எதுவும், தன் கதவு உடைந்ததை ஒரு மாதத்துக்குள் பத்திரிகைகளில் வெளியிட வேண்டுமென்று சட்டம் செய்வதில் பார்லிமெண்டுக்கு என்ன தடை என்று கேட்கிறோம். குற்றவாளி உஷாராகி விடுவான் என்பார்கள். அவன்தான் உள்ளேயே இருந்தவனாயிற்றே!

நீர் விஷயத்தில் இது இன்னும் அவசரம். தொலைவிலிருந்து மதகை இயக்கும் கருவிகள் உலகெங்கும் பரவி வருகின்றன. 2013ல் நியூயார்க் அருகே ஒரு சிறு அணையின் கருவிக்குள் ஈரானியன் ஒருவன் நுழைந்தான் என்று அமெரிக்கா பின்னர் வழக்குத் தொடுத்தது. பழுது பார்ப்பதற்காக அப்போது மதகைக் கம்பியிலிருந்து பிரித்து வைத்திருந்தார்கள். ஆகவே அவனால் திறக்க முடியவில்லை. முக்கொம்பிலிருந்து கல்லணை வரையில் எத்தனை நவீன கருவி வந்தாலும் வரட்டும். ஒவ்வொரு மதகிலும் கையால் சுழற்றும் சக்கரமும், நடு ராத்திரியில் அதைச் சுழற்றத் தெரிந்த லஸ்கரும் இருக்க வேண்டும். அந்த லஸ்கர் உத்தியோகங்களைச் செலவு மிச்சமென்று காலியாக விடாதிருக்க, நீர்வளத் துறையார் அடுத்த வெள்ளத்துக்கு முன் ஏற்பாடு செய்வார்களாக.