மனநோயும் தாய்மொழியும்

மாத்தளை மாவட்டத்தில் மனநோயாளரைப் பராமரித்துவரும் தமிழ்க் குடும்பங்கள் குறித்து இவ்வாரம் எழுத விரும்புகின்றோம். இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைத் தோட்டங்களிலும், மாத்தளை நகரிலும், மிளகும் கராம்பும் விளையும் சிற்றூர்களிலும் இத்தகைய குடும்பங்கள் உண்டு. மனச்சிதைவு நோய் மட்டுமே உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவரைப் பீடிப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பெரும்பாலும் வாலிபப் பருவத்திலேயே தலைகாட்டும் இந்நோய், உழைக்க வேண்டிய வயதில் பிள்ளையை முடக்கிவிடுகின்றது.

கிளினிக் நாளில் வைத்தியரோடு பேசக் கிடைப்பவை சில நிமிடங்களே. எஞ்சிய இரவும் பகலும் நோயாளியோடு வாழ்பவர்கள் பெற்றோரும், மனைவியும், உடன்பிறந்தோருமே. மாத்திரையை எவ்வளவு காலம் கொடுப்பது? மறுத்தால் என்ன செய்வது? அடுத்த பிள்ளைக்கும் இந்நோய் வருமா? கலியாணம் செய்துவைக்கலாமா? இக்கேள்விகளுக்கு இன்று அவர்கள் கைத்தொலைபேசியிலே விடை தேடுகின்றனர். ஆங்கிலம் அறிந்தவருக்கு அங்கே ஏராளமான தகவல்கள் கிடைக்கின்றன. தமிழில் தேடுபவருக்குக் கிடைப்பவற்றுள் நல்லவை சில இருப்பினும், பல இந்திய வாசகருக்கென எழுதப்பட்டவை. 14416 என்னும் உதவி எண் 2022ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கியது. மாத்தளையிலிருந்து அழைப்பவருக்கு அதனால் பயனில்லை. இந்நாட்டில் அழைக்கவேண்டியது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் எண்ணாகும். இதனை அறியாதவர், செய்வினை எடுப்பதாகவும் தாயத்துக் கட்டுவதாகவும் கூறிக் காசு பறிப்போர் கையிலே அகப்படுகின்றனர்.

அறியாமையின் விலை சிறிதன்று. லிதியம் உட்கொள்பவர் வெயிலில் வியர்த்து உடலில் நீர் குன்றினால், அம்மருந்து இரத்தத்தில் மிகுந்து நஞ்சாகலாம். குளோர்புரோமசின் உட்கொள்பவரின் தோல் வெயிலில் எளிதிற் கன்றிப்போகும். மலையிலே கொழுந்து பறிப்பவருக்கும், வயலிலே நிற்பவருக்கும் முதலில் சொல்லவேண்டிய செய்திகள் இவையன்றோ? சுகம் கண்டதும் தாமாகவே மருந்தை நிறுத்துவோருக்கு நோய் மீண்டும் திரும்புவதையும் குடும்பத்தார் அறிதல் வேண்டும்.

எமது விவசாயிகளுக்கு இன்னொன்றும் கூறுவோம். 1995ஆம் ஆண்டில் இலங்கையில் 100,000 பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். கொடிய பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டபின் அத்தொகை பெரிதும் குறைந்தது. நஞ்சு கைக்கெட்டாதபோது உயிர் தப்புகின்றது. மனம் சோர்ந்த ஒருவர் இருக்கும் வீட்டில் கிருமிநாசினிப் போத்தலை வைத்திருக்கலாகாது.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுசென்ற உறவினர் யாவரும் ஈரமற்றவர்கள் அல்லர். வேறு வழியுண்டென்று அவர்களுக்குத் தெளிவாக எடுத்துரைப்பார் இல்லை. அதே தமிழ்நாட்டில் 1984ஆம் ஆண்டு டாக்டர் சாரதா மேனன் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, குடும்பங்களுக்கு அறிவூட்டுவதையும் சிகிச்சையின் பகுதியாக்கினார். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் வைத்தியர் சிவயோகனும் உளநலம் பற்றித் தமிழிலே நூல்கள் எழுதினர். இப்பொருளைச் சொல்லும் ஆற்றல் தமிழுக்கு இல்லையென எவரும் சாக்குக் கூறமுடியாது.

1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரியணையில் ஏற்றியது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரச கரும மொழியாகும் எனப் பிரகடனம் செய்தது. 2005ஆம் ஆண்டின் உளநலக் கொள்கை சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல உறுதிபூண்டது. இவ்விரண்டும் ஒருங்கே செயற்படவேண்டிய இடம் நோயாளியின் வீடாகும். பெயர்ப்பலகையில் தமிழ் இருந்தால் மட்டும் மொழியுரிமை நிறைவேறிவிட்டதாகாது. மகனுடைய நோயின் பெயரைத் தன் மொழியில் ஒரு தாய் அறியாதவரை, அவ்வுரிமை ஏட்டளவிலேயே நிற்கும்.

ஆகவே நாம் கேட்பவை இவை: சுகாதார அமைச்சு இலங்கையின் மருந்துகளுக்கும் சட்டத்துக்கும் வைத்தியசாலைகளுக்கும் பொருந்திய நம்பகமான தகவல்களைத் தமிழில் இணையத்தில் வெளியிடவேண்டும். எழுத்தறியாதோருக்காக அவை ஒலிவடிவிலும் அமையவேண்டும். 1926 எந்நேரமும் தமிழில் விடையளிக்கவேண்டும். மாத்தளை வைத்தியசாலையின் கிளினிக்கில் உறவினரின் கேள்விகளுக்குத் தமிழில் விடை சொல்ல ஒருவர் இருக்கவேண்டும்.

அரசாங்கம் அசையும்வரை நாம் கைகட்டி நிற்கலாகாது. தமிழ் வைத்தியர்கள் எழுதட்டும், ஆசிரியர்கள் திருத்தட்டும், தோட்டத் தலைவர்கள் லயந்தோறும் எடுத்துச் செல்லட்டும். மனநோய் குடும்பத்துக்கு இழுக்கு அல்ல. அதனை மூடிமறைத்து, அறிய வேண்டியதை அறியாமல் இருப்பதே நமக்கு இழுக்கு.