பந்தயமும் விதியும்

விளையாட்டு என்பது விதியினால் உண்டாவது. விதி நீங்கின் எஞ்சுவது ஆரவாரம் ஒன்றே. ஓடுவார் யாவரும் ஓரிடத்தினின்றும் புறப்பட்டு ஒரே தூரம் ஓடுதல் வேண்டும் என்னும் ஏற்பாடு இல்லையாயின், வென்றவர் இன்னார், தோற்றவர் இன்னார் என்று சொல்லுதற்கே இடமில்லை. இஃது கல்லூரி மைதானத்தில் ஆடுவோர் யாவரும் அறிந்த உண்மையேயாம். ஆயின், நம் கம்பம் பள்ளத்தாக்கின் சாலைகளில் நடைபெறும் இரட்டை மாட்டு வண்டிப் பந்தயங்களுக்கு எத்தகைய விதிகள் வேண்டும் என்பதைப் பற்றி நம்மிற் பலர் சிந்திப்பதில்லை. பந்தயம் வேண்டும் என்பாரும், பந்தயமே கூடாது என்பாரும் உரத்துப் பேசுகின்றனர். எவ்வாறு நடத்துவது என்று கேட்பாரின் குரல் மெலிந்தே ஒலிக்கின்றது. அக்கேள்வியைக் குறித்துச் சில கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அயல்நாட்டு விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டுக் குடியானவர்கள் முற்காலத்தில் தம் குதிரைகளின் வலிமையைச் சோதிக்க, களஞ்சியத்தின் பெருங்கதவைக் கழற்றித் தரையிலிட்டு, அதன்மேல் மனிதர் ஒருவர் பின் ஒருவராக ஏறி நிற்க, அதனை இழுக்கச் செய்வர். குதிரையின் இடத்திற்கு டிராக்டர் வந்தபின் அதே பந்தயம் டிராக்டர் இழுவைப் பந்தயமாயிற்று. 1929-ஆம் ஆண்டு முதலே அது நடைபெற்று வருவதாகக் கூறுவர். 1969-இல் சில மாகாணத்தார் கூடி அதற்கென்று ஒரு தேசிய சங்கமும் நிறுவினர். இப்பொழுது கதவுக்குப் பதிலாகச் சறுக்குவண்டி ஒன்று உண்டு. டிராக்டர் முன்னேற முன்னேற, அவ்வண்டியின்மேல் உள்ள பாரப்பெட்டி பின்னிருந்து முன்னோக்கி நகரும். அதனால் வண்டியின் முன்பாகம் தரையை அழுத்த, இழுவை ஒவ்வோர் அடிக்கும் கடினமாகும். 300 அடி தூரம் இழுத்துவிட்டால் முழு இழுவை என்பர்.

இப்பந்தயத்தில் பலவகை உண்டு. கோடிக்கணக்கில் செலவிட்டுப் பந்தயத்திற்கென்றே செய்த யந்திரங்கள் ஒரு வகை. வயலில் உழும் டிராக்டரை எவ்வித மாற்றமுமின்றி அப்படியே கொணர்ந்து இழுப்பது மற்றொரு வகை. சாதாரண உழவனுக்கு உரியது இப்பின்னதே. இதிலேதான் கியர் மாற்றுதலைப் பற்றிய ஒரு சிறு விதி பெரும் விவாதத்திற்கு இடமாகின்றது.

விவாதம் யாதெனில், சாதாரண டிராக்டரில் கியரை மாற்ற வேண்டுமாயின் கிளட்சை மிதித்தாக வேண்டும். மிதித்த கணத்தில் யந்திரத்தின் சக்தி சக்கரத்திற்குச் செல்லாது. பின்னே பாரம் பிடித்திழுக்கும்போது அந்த ஒரு கணமே வண்டியை நிறுத்திவிடப் போதுமானது. ஆகவே அவ்வுழவன் புறப்படுமுன்னரே ஒரு கியரைத் தேர்ந்துகொண்டு, முடிவுவரை அதனோடு செல்லுதல் வேண்டும். வேகமிக்க கியரைத் தேர்ந்தால் பாரம் ஏறுங்கால் யந்திரம் திணறி நிற்கும். மெதுவான கியரைத் தேர்ந்தால் முன்னோக்கிய வேகம் போதாது. ஆனால் 1954-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியார் கிளட்சை மிதியாமலே ஒரு நெம்புகோலால் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கருவியைத் தம் டிராக்டரில் அமைத்தனர். 1959-இல் ஃபோர்டு கம்பெனியார் ஓடும்போதே மாற்றத்தக்க பத்து கியர்களைக் கொண்ட டிராக்டரை வெளியிட்டனர். இத்தகையவற்றை உடையவர் வேகமான கியரில் புறப்பட்டு, பாரம் ஏறியபின் மெதுவான கியருக்கு இறங்கிவிடலாம். அஃதில்லாதவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதே. எனவே, புறப்பட்டபின் எவரும் கியரை மாற்றலாகாது என்று சில ஊரார் விதித்தனர். தொழிற்சாலையில் அமைந்த எதனையும் பயன்படுத்தலாம் என்று வேறு சிலர் விட்டனர்.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. பாரத்தை அறிந்து தக்க தருணத்தில் கியரை மாற்றுவதும் ஒரு திறமையே அன்றோ என்பர் ஒரு சாரார். அத்திறமையைக் காட்டும் வாய்ப்பு ஒருவனுக்கு உண்டு, மற்றவனுக்கு இல்லை என்னும்போது அளக்கப்படுவது திறமையா, பணப்பையா என்பர் மற்றையோர். என் அபிப்பிராயத்தில் பின்னவர் கூற்றே வலியது. ஓட்டுநன் இருவருக்கும் கைக்கெட்டுவதாயிருந்தால்தான் ஒரு செயல் திறமைக்குச் சான்றாகும். இல்லையேல், கருவிக்குத் தக்கபடி வகுப்பைப் பிரித்துவிடுதலே நேர்மை. அன்றியும் விதி எதுவாயினும், அது பந்தயத்தின் முன்னரே யாவரும் கேட்க வாசிக்கப்படுதல் வேண்டும். ஒரு நெம்புகோலைப் பற்றிய சிறு விதியின் உள்ளே, இப்பந்தயம் யாருக்குரியது என்னும் பெரிய வினா அடங்கியிருக்கின்றது.

இனி நம் பள்ளத்தாக்கிற்கு வருவோம். 1895-இல் பெரியாற்று அணை முடிந்து தண்ணீர் கிழக்கே திரும்பிய நாள்முதல் இங்கே இருபோக நெல் விளைந்தது. அந்நெல்லை விளைவித்ததில் மனிதனுக்கு அடுத்த பங்கு மாட்டினுடையதே. மாட்டுப் பொங்கலன்று கம்பத்திலுள்ள தம்பிரான் மாட்டுத் தொழுவத்தில் கூடும் ஜனத்திரளைக் கண்டார்க்கு, இவ்வூரார் மாட்டின்பால் வைத்துள்ள மதிப்பை எடுத்துக்கூற வேண்டியதில்லை. வண்டிப் பந்தயமும் அவ்வுழைப்பினின்று பிறந்ததே. உழுத மாட்டையும் வண்டியிழுத்த மாட்டையும் திருநாளில் ஓடவிட்டு மகிழ்ந்தனர் முன்னோர்.

இன்று நிலைமை வேறு. உழவு டிராக்டருக்கும், பாரம் லாரிக்கும் போய்விட்டன. பந்தய மாடுகளிற் பல பந்தயத்திற்கென்றே வாங்கி வளர்க்கப்படுவன. அவற்றின் விலையோ இலட்சக்கணக்கிலாகும். அமெரிக்காவில் உழவு டிராக்டருக்கும் பந்தய யந்திரத்திற்கும் உண்டான வேறுபாடு நம் மாடுகளுக்குள்ளும் உண்டாகிவிட்டது. நம்மவர்கள் மாடுகளை வகுப்பாகப் பிரியாமல் இல்லை. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று எத்துணை அழகிய பெயர்கள்! உருவிற்குத் தக்கபடி பிரித்து, பெரிய வகுப்பிற்கு நெடுந்தூரமும் சிறிய வகுப்பிற்குக் குறுந்தூரமும் வைப்பது நம்மவர் கண்ட நல்ல நியாயமேயாகும். ஆயின் உருவினால் பிரித்தது போதாது. உழைப்பினாலும் பிரித்தல் வேண்டும். உழவிலும் வண்டியிலும் மெய்யாகவே உழைக்கும் மாடுகளுக்கெனத் தனி வகுப்பு ஒன்று ஒவ்வொரு பந்தயத்திலும் இருத்தல் வேண்டும் என்பது என் முதற் கோரிக்கை. எது உழவு மாடு என்று எவ்வாறு அறிவது எனக் கேட்கலாம். எவர் வீட்டு மாடு எவர் வயலில் உழுகின்றது என்பதைக் கிராமத்தில் அறியாதார் உளரோ?

இரண்டாவது, வேகத்தைக் கூட்டும் முறை பற்றியது. யந்திரத்திற்குக் கியர் எப்படியோ, அப்படியே மாட்டிற்கு நடையும் ஓட்டமும் பாய்ச்சலும். எப்பொழுது ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றுவது, எப்பொழுது மூச்சை அடக்கி வைப்பது என்று அறிவதே சாரதியின் கலை. கயிற்றாலும் குரலாலும் அவன் அதனைச் செய்யுமட்டும் அது கலையாகவே நிற்கும். கம்பின் நுனியில் ஆணி பொருத்திய தார்க்குச்சியால் குத்தியும், வாலை முறுக்கியும் கடித்தும் வேகத்தை வருவிப்பானாயின், அது கலையன்று. வாயில்லாப் பிராணியின் வேதனையை முதலாக வைத்து ஆடும் சூதேயாகும். யந்திரம் அளவுக்கு மீறி வருத்தப்பட்டால் புகைந்து நின்றுவிடும். மாடோ விழும்வரை ஓடும். ஆகையால் யந்திரத்திற்கு இட்ட விதியினும் கடுமையான விதி மாட்டிற்கு வேண்டும். தார்க்குச்சியோடு வண்டியேறியவன் கோட்டைத் தாண்டுமுன்னரே நீக்கப்படுதல் வேண்டும்; இடைவழியில் பிரயோகித்தவன் முதலாவதாக வந்தாலும் பரிசு பெறலாகாது.

இது புதிதாக யான் புனைந்த கொள்கையன்று. பிராணிகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1960-இல் ஏற்பட்டது. அதன்கீழ் 1965-இல் ஏற்பட்ட விதிகள், பாரமிழுக்கும் பிராணியை ஓட்டுதற்குக் கூர்முனையுள்ள கோலைப் பயன்படுத்தலாகாது என்று தெளிவாகவே கூறுகின்றன. சட்டம் ஏற்பட்டு அறுபது ஆண்டுகள் ஆகியும் பந்தயச் சாலையில் அதைச் செலுத்துவார் அரியர். அதனால் நேர்ந்ததென்ன? 2014-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயங்களையும் ஒருசேரத் தடுத்துவிட்டது. 2017-இல் தமிழ்நாட்டு இளைஞர்கள் திரண்டு எழுந்ததும், சட்டம் திருத்தப்பட்டதும் யாவரும் அறிவர். 2023-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகியவற்றின் திருத்தச் சட்டங்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை வெற்றி என்று கொண்டாடினோம். அது நம்மிடத்தில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என்பதை மறத்தலாகாது. கொடுமை குறையும்படி ஏற்பாடு செய்வோம் என்று சொல்லியே அச்சட்டங்கள் நின்றன. ஏற்பாடு நின்றால்தான் சட்டமும் நிற்கும்.

தம்மைத் தாமே ஆளாத விளையாட்டைப் பிறர் வந்து ஆள்வர் என்பதற்குப் பஞ்சாபும் ஓர் உதாரணம். 2023 அக்டோபரில் குர்தாஸ்பூர் மாவட்டத்து விளையாட்டு விழாவொன்றில், டிராக்டரின் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி வித்தை காட்டிய இளைஞர் ஒருவர் அந்த டிராக்டராலேயே நசுக்குண்டு மாண்டார். அதன்பின் அம்மாநில அரசு இத்தகைய வித்தைகளுக்கே தடை விதித்தது. ஒழுங்குபடுத்த மனமில்லாத இடத்தில், ஒரு பிணம் விழுந்தபின் தடையே ஒழுங்காக வருகின்றது. நம் சாலைகளிலும் பந்தய வண்டிகளுக்குப் பக்கத்தே மோட்டார் சைக்கிள்களில் இளைஞர்கள் கூட்டமாகக் கூவிச் செல்லும் வழக்கத்தை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் பதறுகின்றது. அதனை அறவே நிறுத்துதல் மூன்றாவது கோரிக்கை.

இவற்றிற்கு எதிராகச் சொல்லப்படுவன இரண்டு. தார்க்குச்சி இன்றேல் மாடு ஓடாது என்பது ஒன்று. அங்ஙனமாயின், ஓடாத மாட்டைப் பந்தயத்திற்குக் கொணர்ந்தது யார் குற்றம்? அன்றியும் எல்லார் கையிலிருந்தும் குச்சி நீங்கிவிட்டால் எவருக்கும் நஷ்டமில்லை. நன்கு பழக்கியவனுக்கே நன்மை. கியர் மாற்றலாகாது என்ற இடத்தில் முன்யோசனை உள்ளவன் வென்றதுபோல, குத்தலாகாது என்ற இடத்தில் பழக்கத் தெரிந்தவன் வெல்வான். மைல் கணக்காக ஓடும் சாலையில் விதியை மேற்பார்ப்பது எங்ஙனம் என்பது மற்றொன்று. இது மெய்யான கஷ்டமே, மறுப்பதற்கில்லை. ஆனால் கோவை, பொள்ளாச்சிப் பக்கத்தில் நடைபெறும் ரேக்ளாப் பந்தயத்தைக் காண்க. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரத்தைக் குறுக்கி, ஓடிய நேரத்தைக் கணக்கிட்டு வெற்றியை நிர்ணயிக்கின்றனர். தொடக்கமும் முடிவும் ஒருங்கே கண்ணிற்படுவதால் மறைவாகத் தவறு செய்தற்கு இடம் குறைவு. நெடுஞ்சாலைப் பந்தயத்தின் சுவையே வேறு, அதனை விடமாட்டோம் என்பாராயின், வழிநெடுக அரைமைலுக்கு ஒருவராகச் சாட்சிகளை நிறுத்தட்டும். பரிசுப் பணத்தில் ஒரு சிறு பகுதி அதற்குப் போதும். நடத்துவோரின் சொந்த வண்டிகள் அப்பந்தயத்தில் ஓடலாகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

மாணவ நண்பர்களே! உங்களிற் பலர் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்களிலுள்ள உழவர் குடும்பங்களின் மக்கள். பந்தயத்தன்று சாலையோரத்தில் நின்று கைதட்டுவீர்கள், அதில் குற்றமில்லை. ஆயின் எழுதப் படிக்கத் தெரிந்த நீங்கள் உங்கள் ஊர்ப் பந்தயத்தின் விதிகளை ஒரு தாளில் எழுதி, பெரியோர் கையில் கொடுத்து, பந்தயத்திற்குமுன் வாசிக்கும்படி வேண்டுவீர்களாயின், அது கைதட்டலினும் பெரிய உதவியாகும். வழியில் சாட்சியாக நிற்க ஆள் இல்லை என்பாராயின், நாங்கள் நிற்போம் என்று முன்வாருங்கள். இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு சோடி மாடும் உடைய குடியானவன், தன் மாட்டைக் குத்தாமல், எதிராளியின் பணத்திற்கு அஞ்சாமல், தன் பழக்கத் திறத்தை மட்டும் நம்பிக் கோட்டில் வந்து நிற்கும் பந்தயமே நம் முன்னோர் பந்தயம். அதனை மீட்டல் நம் கடன்.