பெரியவரைப் பாலமும் பெட்டிமுடியின் எழுபது உயிர்களும்

ஆற்றின் மேல் புதிய பாலம் ஒன்று திறக்கப்படும்போது அமைச்சர் நாடா வெட்டுகிறார். நாளேடுகளில் விளம்பரம் வெளியாகிறது. பாலத்தின் நீளமும் செலவும் கல்வெட்டில் பொறிக்கப்படுகின்றன. பாலம் இல்லாதிருந்த நாட்களில் காத்துக் கிடந்தவர்கள் யார், அதற்காக அவர்கள் கொடுத்த விலை என்ன என்பதை எந்தக் கல்வெட்டும் கூறுவதில்லை. இடுக்கி மாவட்டத்தில், மூணாறு–உடுமலை சாலையில் உள்ள பெரியவரைப் பாலத்திடம் கேட்கப்பட வேண்டிய கணக்கு அதுவே.

2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் அங்கிருந்த பழைய பாலம் தகர்ந்தது. மறையூர், காந்தளூர் மக்களையும், ராஜமலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களையும் மூணாறுடன் இணைக்கும் பாதை அது. தகர்ந்த பாலத்திற்கு ஈடாகத் தற்காலிகப் பாலம் ஒன்று போடப்பட்டது. மழை வலுத்தபோது ஆறு அதை அரித்துச் சென்றது, மீண்டும் போடப்பட்டது. இவ்வாறே இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பு இல்லை. மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது. மீட்க விரைந்த வண்டிகளுக்கு வழியில்லை. அதே மழையில் பெரியவரையின் தற்காலிகப் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. நிரந்தரப் பாலமோ அப்போதும் திறக்கப்படாமல் நின்றது. மாண்டவர்கள் எழுபது பேர். அவர்களில் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. பலருடைய குடும்ப வேர்கள் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறில் இருந்தன.

பாலம் இருந்திருந்தால் எழுபது பேரும் பிழைத்திருப்பார்கள் என்று வாதிடுவது நேர்மையாகாது. இழந்த அந்த நேரத்தில் எத்தனை உயிர்களை மீட்டிருக்க முடியும் என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது. ஆனால், அந்தக் கேள்விக்கு விடையே இல்லாமல் செய்தது யார் என்பதற்கு விடை உண்டு.

மலையில் பணிகள் மெதுவாகத்தான் நடக்கும் என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். அதே ஆண்டுகளில், அதே மூணாற்றிலிருந்து போடிமெட்டு செல்லும் தேசிய நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பட்டது. கேப் ரோட்டில் பாறைகள் வெடிவைத்துப் பிளக்கப்பட்டன. 2019லும் 2020லும் அங்கே மலை சரிந்தது. ஆயினும் பணி நிற்கவில்லை; 2024 ஜனவரியில் விழா எடுத்துச் சாலை திறக்கப்பட்டது. ஆகவே பஞ்சம் பணத்திற்கோ எந்திரங்களுக்கோ அல்ல. சுற்றுலாப் பயணியின் காருக்குக் கிடைக்கும் முன்னுரிமை, கொழுந்துக் கூடை சுமப்பவருக்குக் கிடைப்பதில்லை.

எல்லாப் பழியையும் 'இயற்கைச் சீற்றம்' என்ற சொல்லின் மேல் சுமத்துவதும் பழைய தந்திரமே. 1924 வெள்ளம் மூணாற்றின் ரயில் பாதையையே அழித்தது. அந்த மண்ணின் இயல்பு நூறாண்டுகளாக நிர்வாகத்திற்கும் அரசுக்கும் தெரியும். தெரிந்தும், சரிவின் கீழே நெருக்கி அடுக்கிய லயங்களில் தொழிலாளர்களைக் குடிவைத்தது மழையல்ல. லயத்தில் பிறந்து, காலமெல்லாம் உழைத்து, ஓய்வு பெறும் நாளில் அதே லயத்தைக் காலிசெய்ய வேண்டியவருக்கு, 'பாதுகாப்பான இடத்திற்குச் செல்' என்ற அறிவுரையால் என்ன பயன்? செல்வதற்கு அவருக்கு ஒரு சென்ட் நிலமாவது வேண்டாமா?

தொழிலாளர் குடியிருப்புக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். பெட்டிமுடியின் ஈரம் காயுமுன், 2020 செப்டம்பரில், ஒன்றிய அரசு அச்சட்டத்தையும் விழுங்கும் தொழிலாளர் சட்டத்தொகுப்பை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்டது. மாநில அரசின் தராசும் நேராக இல்லை. மறுநாள் கரிப்பூரில் நிகழ்ந்த விமான விபத்தில் மாண்டோர் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவித்த கேரள அரசு, பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம் அறிவித்தது. கரிப்பூரின் துயரை எவரும் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் ஆகாயத்திலிருந்து விழுந்த உயிருக்கும் மண்ணில் புதைந்த உயிருக்கும் வெவ்வேறு விலை வைத்தது எந்த நீதி?

இது ஒரு மலையின் கதையன்று. 2018 வெள்ளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் நெல்லியாம்பதியும் துண்டிக்கப்பட்டது. மலைப்பாதை சிதைந்து, தோட்ட மக்கள் உணவுக்கும் மருந்துக்கும் ஹெலிகாப்டரை எதிர்நோக்கினர். பெட்டிமுடிக்கு அப்பால் இடமலக்குடியின் முதுவான் பழங்குடி மக்கள், நோயுற்றவர்களைத் தோளில் சுமந்தே காட்டைக் கடந்து வந்தனர். தமிழ் பேசும் தொழிலாளியும் பழங்குடியும் வாழும் இடங்களிலெல்லாம் சாலை கடைசியாகவே வருகிறது.

தாமாக எதுவும் வந்துவிடாது என்பதை மூணாற்றின் பெண் தொழிலாளர்கள் 2015 செப்டம்பரிலேயே உணர்த்தினர். 'பெம்பிளை ஒருமை' என ஒன்றுதிரண்டு அவர்கள் தெருவில் அமர்ந்த பிறகே, 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 301 ஆனது. கோரிய 500 கிடைக்கவில்லை. எனினும் கிடைத்தது போராடிப் பெற்றதே.

அந்த வழியில் இன்று எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஆபத்தான சரிவுகளில் உள்ள லயங்களைக் கணக்கெடுத்து வெளியிடு. ஓய்வு பெற்றவர் உள்ளிட்ட ஒவ்வொரு தொழிலாளர் குடும்பத்திற்கும் பட்டாவுடன் வீடும் நிலமும் வழங்கு. தோட்டப் பகுதிகளின் பாலங்களையும் சாலைகளையும் அடுத்த பருவமழைக்கு முன் சீராக்கு. பெரியவரையில் இன்று கான்கிரீட் பாலம் நிற்கிறது. அடுத்த பாலத்திற்கும் எழுபது உயிர்களை முன்பணமாகக் கேட்கும் ஆட்சிமுறையை உழைக்கும் மக்கள் ஏற்கலாகாது.