பெசன்ட் நகரின் மூத்த குடிகள்

சென்னை மாநகரில் நிழல் தேடுவோர்க்குப் பெசன்ட் நகர் ஒரு கொடை. இருமருங்கும் மரங்கள் கவிந்த தெருக்கள்; மாலையில் எலியட்ஸ் கடற்கரையின் இனிய காற்று! இவ்வூரின் பெருமை யாது என்று எவரைக் கேட்டாலும் அன்னை வேளாங்கண்ணி திருத்தலம், அஷ்டலட்சுமி கோயில், ஷ்மிட் நினைவுச் சின்னம் என்று மூன்றைச் சொல்வார்கள். ஆனால் திருத்தலமும் கோயிலும் 1970-களில் எழுந்தவை. எங்கள் பாட்டிமாரைவிட இளையவை!

ஊரூர் குப்பமோ நகர் உருவாவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அங்குள்ள மீனவர்கள் கட்டுமரம் தள்ளிய நாளில் இங்கே வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளும் இல்லை, உணவு விடுதிகளும் இல்லை. அப்படியிருக்க, மரபு என்றதும் அவர்களை மட்டும் மறப்பது முறையா என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் கேட்கிறோம். மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்துவோர் பலர். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அதே மீன்தான் நம் வீடுகளில் குழம்பாக மணக்கிறது!

ஷ்மிட் என்பவர் டென்மார்க் நாட்டு மாலுமி. 1930-ஆம் ஆண்டில் பிறரைக் காப்பாற்றக் கடலில் இறங்கித் தம் உயிரை நீத்தார். கடற்கரையில் நிற்கும் அந்த வெண்ணிறச் சின்னம் அவருக்குத் தகும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தெருக்களில் புகுந்தபோது படகுகளோடு வந்து மக்களை மீட்டவர்கள் சென்னைக் கடற்கரை மீனவர்களே. அவர்களுக்கென ஒரு கல்லும் எங்கள் கண்ணில் படவில்லை.

நல்ல முயற்சிகளும் உண்டு. 1894-லேயே கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்காக இப்பகுதியில் பள்ளி தொடங்கினார். 2015-இல் குப்பத்திலேயே மேடை அமைத்துக் கலை விழா நடத்தினார்கள். கர்நாடக இசையும் கிராமியக் கலையும் அங்கே கைகோத்தன. பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலத்தில் மாணவர்கள் இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். ஆமைக்குக் கிடைக்கும் அந்தப் பரிவு மனிதருக்கும் கிடைக்கட்டுமே!

பெரிதாக எதுவும் நாங்கள் கேட்கவில்லை. ஷ்மிட் சின்னத்தின் அருகே மீனவர்களைப் பற்றி நான்கு வரியில் ஒரு பலகை வைக்கலாம். கடற்கரையைப் பற்றிக் குடியிருப்போர் கூட்டம் கூடும்போது குப்பத்துத் தாய்மார்களையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும். வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்பாரும், வலை உலர்த்த இடம் வேண்டும் என்பாரும் ஒரே அறையில் பேசட்டும்.