பழைய பாக்கியை முதலாளிதான் கட்ட வேண்டும்

2023 ஜூலை முடிந்து ஆகஸ்ட் பிறக்கும் சில நாட்களுக்குள் நியூயார்க் மெட்ஸ் அணி தன் இரண்டு பெரிய பிட்ச்சர்களையும் வெளியே அனுப்பிவிட்டது. மேக்ஸ் ஷெர்ஸர் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்குப் போனார். ஜஸ்டின் வெர்லாண்டர் தன் பழைய அணியான ஹூஸ்டனுக்கே திரும்பினார். முன்னவருக்கு வயது 39, பின்னவருக்கு 40. ஆளுக்கு ஆண்டுச் சம்பளம் 4.3 கோடி டாலருக்கு மேல். பேஸ்பாலில் அதுவரை எந்த அணியும் கொடுத்திராத அளவு சம்பளம் கொடுத்து, மெட்ஸ் அந்த ஆண்டு 75 ஆட்டம் ஜெயித்து 87 ஆட்டம் தோற்றது. சம்பள வரம்பை மீறியதற்காக லீகுக்குக் கட்டிய வரி மட்டும் 10 கோடி டாலர்.

நான் குவீன்ஸ்வாசி. மெட்ஸ் ஆடும் சிட்டி ஃபீல்டும் ஃப்ளஷிங் பிள்ளையார் கோவிலும் பக்கம் பக்கம் என்பதால், கோவில் கேன்டீனில் தோசைக்குக் காத்திருக்கும் கூட்டத்திலும் இந்த அணியைத் திட்டுவதற்கு ஆள் கிடைக்கும். "போறவனுக்கு நாமளே சம்பளத்தையும் கட்டி அனுப்பணுமா சார்? இது எந்த ஊர் நியாயம்?" என்று கொதித்தார் ஒரு நண்பர். அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஷெர்ஸருக்குப் பாக்கியிருந்த சுமார் 5.8 கோடி டாலரில் ஏறக்குறைய 3.55 கோடியை மெட்ஸே கட்டுவதாக ஏற்பாடு. தொழிலால் நான் ஆடிட்டர். எனக்கு அந்த வியாபாரம் அன்றே பிடித்திருந்தது. வயதான, சம்பளம் அதிகமான ஆட்டக்காரரை அனுப்புவதென்றால் இப்படித்தான் அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி.

பேஸ்பால் ஒப்பந்தம் முழுக்க உத்தரவாதம் உள்ளது. ஃபார்ம் போனாலும், முட்டி தேய்ந்தாலும், அணி அவரை வீட்டுக்கே அனுப்பினாலும் கடைசிக் காசு வரை போய்ச் சேர வேண்டும். கையெழுத்தான நாளே அந்தப் பணம் செலவுக் கணக்கில் ஏறிவிட்டது. அதை எப்படிக் குறைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, ஏற்கெனவே தொலைந்த பணத்துக்கு ஈடாக என்ன வாங்கலாம் என்று பார்ப்பது புத்திசாலித்தனம். மெட்ஸ் முதலாளி ஸ்டீவ் கோஹன் அதைத்தான் செய்தார். சம்பளத்தில் பெரும்பங்கைத் தானே சுமந்ததால், டெக்சஸ் தன் மைனர் லீகிலிருந்து லூயிஸாங்கேல் அக்குன்யா என்ற 21 வயதுப் பையனைக் கொடுத்தது. முழுச் சம்பளத்தையும் டெக்சஸ் தலையில் கட்டியிருந்தால், பெயர் தெரியாத ஒருவரைக் காட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

சரி, நாற்பதை நெருங்கும் மனிதருக்கு இவ்வளவு பணம் எதற்கு? ஆல்பர்ட் பூஹோல்ஸின் கதையைப் பார்த்தால் புரியும். 2001-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் முதல் ஆண்டு ஆடியபோது அவர் அடித்தது 37 ஹோம் ரன். சிறந்த புதுமுகம் என்ற விருதும் வாங்கினார். அந்த ஆண்டு அவர் சம்பளம் 2 லட்சம் டாலர், அதாவது லீகின் குறைந்தபட்சக் கூலி. மேஜர் லீகில் ஆறு ஆண்டு சேவை முடியும் வரை ஓர் ஆட்டக்காரர் தன் விருப்பப்படி வேறு அணிக்குப் போக முடியாது. முதல் மூன்று ஆண்டு பெரும்பாலும் குறைந்தபட்சக் கூலியைச் சுற்றியே ஓடும். உடம்பு உச்சத்தில் இருக்கும் வயதோ இருபத்தாறு முதல் இருபத்தொன்பது வரை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 0.4 விநாடியில் தட்டை எட்டிவிடும் ஆட்டத்தில், கண்ணும் கையும் ஒரு நூலிழை தாமதித்தாலும் போச்சு. சுதந்திரமும் பெரிய காசும் வந்து சேரும்போது அந்த உச்சம் கழிந்திருக்கும்.

2011 டிசம்பரில், 32 வயதைத் தொடவிருந்த பூஹோல்ஸுக்கு லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் பத்து ஆண்டுக்கு 24 கோடி டாலர் கொடுத்தது. அதன் பிறகு அவர் பாதம் வலித்தது, ஓட்டம் தளர்ந்தது, சராசரி சரிந்தது. ஒப்பந்தம் முடிய சில மாதம் இருக்கையில், 2021 மே மாதம் அவரை வெளியே விட்டார்கள். அந்தப் பத்தாண்டில் ஏஞ்சல்ஸ் பிளேஆஃப் போனது 2014-ல் ஒரே ஒரு முறை. 'சம்பளத்தைத் தின்று தீர்த்தவர்' என்று அவரைப் பழித்தவர்கள் உண்டு. நான் பழிக்கமாட்டேன். இருபத்தொரு வயதில் கொடுக்காமல் விட்ட கூலியைத்தான் முப்பத்தைந்து வயதில் அவருக்குக் கொடுத்தார்கள். (லாபம் பார்த்தது செயின்ட் லூயிஸ், பாக்கியைத் தீர்த்தது லாஸ் ஏஞ்சலஸ் என்பது வேடிக்கைதான். முதலாளிகள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. அதற்கு ஆட்டக்காரர் என்ன செய்வார்?) 2022-ல் பூஹோல்ஸ் செயின்ட் லூயிஸுக்கே 25 லட்சம் டாலருக்குத் திரும்பி வந்து, 42 வயதில் 24 ஹோம் ரன் அடித்து, மொத்தம் 703 என்று முடித்துக்கொண்டு போனார்.

பாக்கி முதலாளியுடையது என்று ஒப்புக்கொண்டால், எது கெட்ட வியாபாரம் என்பதும் தெரிந்துவிடும். தன் பணத்தைக் காப்பாற்ற அணியின் இளரத்தத்தைக் கொடுப்பதே கெட்ட வியாபாரம். 2018 டிசம்பரில் சியாட்டில் மரைனர்ஸ் செய்தது அதுதான். ராபின்சன் கனோவுக்கு வயது 36. ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து ஆண்டு, 12 கோடி டாலர். அவரைத் தனியாக யாரும் தொடமாட்டார்கள் என்பதால், அந்த ஆண்டு 57 ஆட்டங்களை முடித்துக்கொடுத்த எட்வின் டியாஸையும் சேர்த்துக் கட்டி மெட்ஸிடம் தள்ளினார்கள். பதிலுக்கு வந்தவர்களில் பெரிய நம்பிக்கை ஜாரெட் கெலனிக் என்ற 19 வயதுப் பையன். அவர் எதிர்பார்த்தபடி வளரவில்லை. 2023 டிசம்பரில் அதே சியாட்டில், வேறு இரண்டு சம்பளங்களைக் கைகழுவ, அதே கெலனிக்கைத் தூண்டிலில் கோத்து அட்லாண்டாவுக்கு அனுப்பியது! கனோவை வாங்கிய மெட்ஸும் தப்பவில்லை. 2022 மே மாதம் அவரை விடுவித்துவிட்டு மீதிப் பணத்தைக் கட்டியது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானதும்கூட. 2012 ஆகஸ்ட்டில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், ஏட்ரியன் கொன்சாலஸ், ஜாஷ் பெக்கெட், கார்ல் க்ராஃபோர்ட், நிக் புன்டோ என நான்கு பேரை, 25 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களோடு, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் ஒப்படைத்தது. க்ராஃபோர்டுக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. மிச்சப்பட்ட பணத்தில் நடுத்தர விலைக்கு நல்ல ஆட்டக்காரர்களைப் பிடித்து, அடுத்த ஆண்டே பாஸ்டன் வேர்ல்டு சீரிஸ் ஜெயித்தது. ஆனால் அந்த ஆண்டுதான் டாட்ஜர்ஸ் அணியைப் புது முதலாளிகள் 200 கோடி டாலருக்கு வாங்கியிருந்தார்கள். செலவழித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி அவர்களுக்கு. அப்படி வாங்குபவர் ஒருவர் என் நினைவில் ஒருமுறைதான் கிடைத்திருக்கிறார். அதை நம்பி யாரும் திட்டம் போட முடியாது.

சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு போகட்டுமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நம் ஊர் ஐபிஎல்லில் அது நடக்கிறது. 2025 நவம்பரில் ஜடேஜா சென்னையிலிருந்து ராஜஸ்தானுக்கு மாற்றப்பட்டபோது அவர் விலை 18 கோடி ரூபாயிலிருந்து 14 கோடியாக இறங்கியது. அமெரிக்காவில் அந்தப் பேச்சே எடுபடாது. 2003 டிசம்பரில் பாஸ்டனுக்குப் போவதற்காக அலெக்ஸ் ரோட்ரிகஸ் தானாகவே கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார். ஆட்டக்காரர் சங்கம் மறித்துவிட்டது. ஒருவர் குறைத்துக்கொண்டால் நாளைக்கு ஒவ்வொருவரையும் குறைக்கச் சொல்வார்கள் என்ற பயம். இரண்டு மாதத்தில் அவர் நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். பாக்கியிருந்த 17.9 கோடி டாலரில் 6.7 கோடியைப் பழைய அணியான டெக்சஸ் ஏற்றுக்கொண்டது. சங்கம் செய்தது சரி.

காசு ஒரு பக்கம். ஆளைக் கேட்காமல் அனுப்பக்கூடாது என்பது இன்னொரு பக்கம். 1969-ல் கர்ட் ஃப்ளட் என்பவரை செயின்ட் லூயிஸ் அணி ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. போகமாட்டேன் என்று அவர் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-ல் தோற்றார், ஆட்ட வாழ்க்கையும் போனது. அடுத்த ஆண்டே விதி வந்தது: மேஜர் லீகில் பத்து ஆண்டு, அதில் கடைசி ஐந்து ஆண்டு ஒரே அணியில் ஆடியவரை அவர் சம்மதமின்றி மாற்ற முடியாது. இன்று பெரிய ஆட்டக்காரர்கள் பலர் அந்த உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ஷெர்ஸரும் வாங்கியிருந்தார். அடுத்த ஆண்டு ஜெயிக்கும் உத்தேசம் உண்டா என்று நிர்வாகத்தை நேராகக் கேட்டு, இலக்கு 2025, 2026 தான் என்று தெரிந்த பிறகே தலையசைத்தார். அதே ஆண்டு டெக்சஸ் தன் முதல் வேர்ல்டு சீரிஸை ஜெயித்தது. 2024 டிசம்பரில் நோலன் அரெனாடோ ஹூஸ்டனுக்குப் போக மறுத்தபோது செயின்ட் லூயிஸ் ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அந்த உரிமை இருக்கும் ஒப்பந்தத்தோடுதானே அணி நிர்வாகம் அவரை வாங்கியது.

கிடைக்கும் இளைஞர்கள் எல்லாரும் தேறுவார்கள் என்று நான் சொல்லவில்லை. 2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவுக் கெடுவுக்குச் சற்று முன்பு வெர்லாண்டரை டெட்ராய்ட் ஹூஸ்டனுக்கு அனுப்பியது. அடுத்த இரண்டு ஆண்டுச் சம்பளத்திலும் ஆண்டுக்கு 80 லட்சம் டாலர் தானே கட்டியது. வந்த மூவரில் பெரிதாகப் பேசப்பட்ட ஃப்ராங்க்ளின் பெரெஸ், காயங்களால் டெட்ராய்ட்டுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. நிலைத்தவர் கேட்ச்சர் ஜேக் ராஜர்ஸ் மட்டும். அனுப்பப்பட்ட வெர்லாண்டரோ அங்கே சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை இரண்டு முறை வாங்கினார். அப்படியும் டெட்ராய்ட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தோற்றுக்கொண்டிருந்த அணியில் 34 வயதுக்காரரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன சாதித்திருப்பார்கள்? அதே டெட்ராய்ட், மிகெல் கப்ரேராவைக் கடைசி வரை, 2023 வரை, வைத்துக்கொண்டது. அவருடைய 3,000-வது ஹிட்டைச் சொந்த மைதானத்தில் பார்த்த ஊர்க்காரர்களிடம் போய் நான் வரவு செலவு பேசமாட்டேன்.

இப்போது எங்கள் மெட்ஸ், ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டு, 76.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்திருக்கிறது. கடைசி ஆண்டு 2039. இன்னொரு பழைய கணக்கும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. 2000-ல் வேண்டாம் என்று விடுவித்த பாபி போனியாவுக்கு, அப்போதே 59 லட்சம் டாலரைக் கொடுத்து முடிக்காமல் வட்டியோடு தள்ளிப்போட்டதால், ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் 11.9 லட்சம் டாலர் போய்க்கொண்டிருக்கிறது. கடைசித் தவணை 2035-ல். அன்று போனியாவுக்கு 72 வயது இருக்கும், சோட்டோவுக்கு 36. சோட்டோவின் ஒப்பந்தத்தில் இன்னும் நான்கரை ஆண்டு மிச்சம் இருக்கும். அப்போது அவரைக் கேட்டு எந்த அணியாவது வந்தால், அவரும் சரி என்றால், கோஹன் சம்பளத்தை முழுசாகக் கட்டி, நல்ல பையன்கள் இரண்டு பேரைக் கேட்டு வாங்கட்டும்.